ஒன்பது பேரும் மூன்று சான்றுகளும்

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் பட்டதாரிகள். ஒருவர் வங்கி அதிகாரி. ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருவர் அரசாங்கத் திணைக்களமொன்றில் பெரிய கதிரையில் இருந்து இளைப்பாறியவர். நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியல் படிப்பித்துக்கொண்டிருந்தவன். எது சான்று, எது சான்றில்லை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுதான் என் பிழைப்பு. இத்தனை படிப்பும் ஒரே அறையில் கூடியிருந்து, கூலிக்கு வீடு கூட்டிய ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தவள் என்று தீர்த்தது. தேத்தண்ணீர் ஆறுவதற்கு முன்பே தீர்த்துவிட்டோம்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் தொடர்மாடி இருந்தது. நாலு மாடி, எட்டு வீடு. பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள். நான் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் எங்கள் ஒவ்வொருவரின் பெயரும் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து தங்குபவர்களுக்குத் தனிப்படிவம். அது ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். முடிந்ததும் புதிதாக நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் கட்டிடத்தின் படிவங்களையெல்லாம் வாங்கிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர் அந்த இளைப்பாறிய அதிகாரி. குடியிருப்பாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவரைத் தலைவராகத் தெரிவுசெய்த ஞாபகம் எனக்கு இல்லை. அவர் சிங்களமும் ஆங்கிலமும் நன்றாகக் கதைப்பார். பொலிஸ் நிலையப் பெரியவரோடு ஒன்றாக இருந்து தேத்தண்ணீர் குடித்த கதையை மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவார். நாங்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்போம். பயந்த சனத்துக்கு அதிகாரத்தோடு தேத்தண்ணீர் குடித்த ஒருவன் வேண்டும்.

அந்தப் பெண் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தைச் சேர்ந்தவர். கணவனோடு கொட்டாஞ்சேனையில் இருந்தார். காலையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, ஏழு மணிக்கு எங்களிடம் வந்துவிடுவார். படிகளைக் கூட்டித் துடைப்பார். மூன்று வீடுகளில் சமையலுக்கு உதவி, உடுப்புத் தோய்ப்பது. என் அறையையும் வாரத்தில் இரண்டு நாள் கூட்டுவார். முப்பது வயதுக்குமேல் இருக்கும். இங்கே நான் ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது நாங்கள் எல்லோரும் ‘அவள்’ என்றுதான் சொன்னோம். மூன்று வருடம் எங்கள் அழுக்கைத் தோய்த்தவருடைய வீடு எந்தத் தெருவில் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியப்புறம் பொலிஸாரும் இராணுவத்தினரும் வந்தார்கள். வாகனச் சத்தம் கேட்டு நான் பல் துலக்கிய கோலத்திலேயே படியடிக்கு வந்தேன். அவர்கள் என்னைத் தாண்டி மேலே ஏறினார்கள். நேராக மூன்றாம் மாடி. இடப்பக்க வீடு. அது ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாடு போவதற்காகக் காத்துக்கொண்டிருந்த அவருடைய தமக்கையின் மகன் அங்கே தங்கியிருந்தான். இருபத்திரண்டு வயது. பத்து நிமிடத்தில் அவனைக் கீழே கொண்டுவந்து வாகனத்தில் ஏற்றினார்கள். வேறு எந்தக் கதவையும் தட்டவில்லை. ஆசிரியை இரவு உடுப்போடு ஒழுங்கைமுனைவரை ஓடினார். நாங்கள் கதவுகளைப் பாதி திறந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்னேரம் தலைவர் வீட்டு விறாந்தையில் கூடினோம். வெளியே எங்கேயோ போயிருந்த தலைவர் அன்று மத்தியானம்தான் திரும்பி வந்திருந்தார். ஆசிரியை அழுதழுது குரல் போய், ஒரு மூலையில் இருந்தார்.

வங்கி அதிகாரிதான் தொடங்கினார். “நேரை மேல போனவங்கள். எங்கட கதவு ஒண்டையும் தட்டேல்லை. ஆரோ சொல்லித்தானே வந்திருக்க வேணும்?”

“ஆர் சொல்லுறது?” என்றார் தலைவர். “இஞ்சை இருக்கிறது முழுக்க எங்கட சனம்.”

பிறகு வங்கி அதிகாரியின் மனைவி, “எங்கட சனம் இல்லாத ஆள் ஒண்டு ஒவ்வொரு நாளும் வந்து போகுதுதானே” என்றார்.

அவ்வளவுதான். மருந்துக்குக்கூட ஒருவரும் ‘பொறுங்கோ’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு வசனத்துக்காகவே எல்லோரும் காத்திருந்ததுபோல விறாந்தை முழுக்க ஒரே பேச்சு.

“முந்தநாள் நான் கண்ணால கண்டனான். காலி வீதிச் செக்பொயின்ற்றில பொலிஸ்காரனோட சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டவள்.”

“சிங்களத்தைப் பாருங்கோவன், அவங்கள் கதைக்கிற மாதிரியே கதைப்பாள்.”

“இண்டைக்கு ஏன் வேலைக்கு வரேல்லை? ஒருநாளும் நிக்காதவள். நடக்கப்போறது தெரிஞ்சுதான் நிண்டிட்டாள்.”

தலைவர் தலையை ஆட்டினார். “தோட்டக்காட்டுச் சனத்தை வீட்டுக்குள்ள விடாதேங்கோ எண்டு நான் அப்பவே சொன்னனான்.”

அவர் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணை முதலில் வேலைக்குக் கொண்டுவந்ததே அவர்தான். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். “சேர் என்ன சொல்லுறியள்? நீங்கள் இதுகளைப் படிப்பிக்கிற ஆள்.”

எனக்கு அது பெருமையாக இருந்தது. இவ்வளவு காலமும் என்னை வாடகைக்கு இருக்கிற தனிக்கட்டை என்று பார்த்தவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: “ஒவ்வொண்டையும் தனித்தனியப் பார்த்தால் ஒண்டும் இல்லை. ஆனா மூண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகப்படாமல் இருக்கேலாது.”

மூன்று பூச்சியங்களைக் கூட்டி ஒன்று என்று விடை சொன்னேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பேன். அந்த விறாந்தையில் எல்லோரும் “அதுதான், அதுதான்” என்றார்கள். ஆசிரியைகூட மூலையிலிருந்து தலையாட்டினார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பயம் ஒரு காரணம். காலையில் துவக்கோடு படியேறியவர்களைச் சத்தமாக வெறுக்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. வயிற்றுக்குள் கிடந்த வெறுப்பை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அதுவும் திருப்பி ஒன்றும் செய்ய முடியாத ஓர் இடம். ஆனால் பயம் மட்டும் என்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி இருந்திருந்தால், அன்று கேட்காமல் விட்ட கேள்விகளையெல்லாம் நான் கேட்டிருப்பேன். மலைநாட்டுச் சனம் எங்களைவிட ஒருபடி கீழே என்பது எங்கள் வீடுகளில் சொல்லாமலே சொல்லி வளர்த்த பாடம். அளவையியலுக்கு முன்பே நான் அதைப் படித்து முடித்திருந்தேன்.

இதையும் சொல்லவேண்டும். ‘காட்டிக்கொடுத்தவள்’ என்பது அந்த நாட்களில் வெறும் வசை அல்ல. அந்தச் சொல் ஒட்டிக்கொண்ட ஆட்கள் செத்தார்கள். அது எங்கள் ஒன்பது பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தோய்த்துக்கொண்டிருந்தோம்.

புதனும் வியாழனும் அவர் வரவில்லை. அது எங்கள் தீர்ப்பை இன்னும் உறுதியாக்கியது. வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல வந்தார். கேற்றடியில் தலைவர் நின்றார். பின்னால் வங்கி அதிகாரியும் மனைவியும். நான் வகுப்புக்குப் புறப்பட்டு வந்தவன், அங்கேயே நின்றுவிட்டேன்.

“இனி இஞ்சை வரவேண்டாம்” என்றார் தலைவர். அந்தப் பெண்ணின் பழைய சீலைத்துண்டும் சீப்பும் வைத்திருந்த பையொன்றைக் கேற் கம்பிக்கூடாக நீட்டினார்.

அவர் பையை வாங்கவில்லை. “என்னாங்கய்யா? நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“அது உமக்குத் தெரியும்.”

“தெரியலையேங்கய்யா. ஐயாகிட்ட ஒரு விஷயம் கேக்கலாம்னுதான் நானே வந்தேன்...”

“கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. போம்.”

மேல்மாடியிலிருந்து யாரோ ஒரு பெண்குரல், “காட்டிக்குடுத்துப்போட்டு வந்து நிக்கிறாள் பாருங்கோவன்” என்றது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். “சார், நீங்களாவது சொல்லுங்க சார்.”

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு, அவருக்கும் மதிலுக்கும் இடையில் இருந்த இடைவெளியால் வெளியே போனேன். அன்றைய பாடம் என்ன என்று எனக்கு ஞாபகம் இல்லை. நன்றாகத்தான் படிப்பித்திருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை ஆசிரியை என்னைத் தேடி வந்தார். தமக்கையின் மகனை இன்னும் பொலிஸ் நிலையத்தில்தான் வைத்திருக்கிறார்கள், போய்க் கேட்கவேண்டும், தனக்குச் சிங்களம் வராது என்றார். தலைவரைக் கேட்டிருக்கிறார். அவருக்கு இரத்த அழுத்தம் கூடிவிட்டதாம். எனக்குச் சிங்களம் வரும். தண்ணீர்ப் பிரச்சினை, மின்சாரப் பிரச்சினை எதுவென்றாலும் கட்டிடத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சிங்களம் தெரிந்ததற்காக என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை என்பது ஆசிரியையோடு நடந்துபோகும்போது முதல் தடவையாக மனதில் தைத்தது. அதை அங்கேயே தள்ளிவைத்தேன்.

பொலிஸ் நிலையத்தில் வயதான சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். நாங்கள் என்ன கேட்கப்போகிறோம் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்து, எங்கள் பக்கம் திருப்பி வைத்து, விரலால் காட்டினார். எங்கள் கட்டிடத்தின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒரு பெயரைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம். “மாதம் முடிந்துவிட்டது. புதுப்படிவம் எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டார். இப்படிக் காலம் முடிந்த பெயர்களையெல்லாம் எடுத்து ஒரே காலையில் எல்லா இடமும் போனார்களாம்.

நான் கேட்டேன்: “வேறு யாராவது வந்து தகவல் சொன்னார்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். “எங்களுக்கு யார் சொல்லவேண்டும்? நீங்களே எழுதித் தந்திருக்கிறீர்களே. வீட்டு இலக்கம், மாடி, எந்தப் பக்கக் கதவு, எல்லாம்.”

அவர் அதை நக்கலாகச் சொல்லவில்லை. நக்கலாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே வந்து காலி வீதியில் நின்று ஆசிரியைக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: “நான் ஃபோம் நிரப்பிக் குடுத்தனான் சேர். மாதம் முடிய ஒரு கிழமைக்கு முன்னமே தலைவரிட்டைக் குடுத்தனான்.”

“அப்ப அண்டைக்குக் கூட்டத்தில ஏன் சொல்லேல்லை?”

“அப்ப எனக்கு ஒண்டும் ஓடேல்லை.” பிறகு, “அவர்தானே எங்களுக்கு எல்லாம் செய்து தாறவர்” என்றார். “இதைப் பெரிசுபடுத்தாதேங்கோ சேர். நாங்கள் அங்கைதானே இருக்கவேணும்.”

அன்று இரவு எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை மறைக்காமல் எழுதுகிறேன். அது மகிழ்ச்சி. தலைவரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. என் ஆங்கிலத்தை ஆட்களுக்கு முன்னால் திருத்துவார். தண்ணீர்த் தாங்கியின் பூட்டுத் திறப்பைத் தன் அரைஞாணில் கட்டாத குறையாக வைத்திருப்பார். எனவே நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன்: படிவத்தை அவர் வேண்டுமென்றே கொடுக்கவில்லை. ஆசிரியையின் வீட்டில் அவருக்கு ஒரு கண். காட்டிக்கொடுத்தவர் அவர்தான். மூன்று நாள் இந்த எண்ணத்தை வெற்றிலைபோல வாயில் அடக்கிச் சுவைத்துக்கொண்டு திரிந்தேன்.

நாலாம் நாள், என்னோடு படிப்பிக்கிற பொருளியல் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். வகுப்பு இடைவேளை. மண்டபத்துக்கு வெளியே நின்று, ஒவ்வொன்றாக அடுக்கினேன். “அவருக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. பொலிஸ்காரரோட சிரிச்சுக் கதைப்பார். பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு ஆள் வீட்டிலையும் இல்லை...”

அங்கே நின்றுவிட்டேன். பொருளியல் ஆசிரியர், “பிறகு?” என்றார். அந்தப் பெண்ணுக்கு எதிராக நாங்கள் அடுக்கிய அதே மூன்றை, ஒரு சொல்லும் மாற்றாமல், இப்போது இன்னொருவருக்கு எதிராக அடுக்கிக்கொண்டிருந்தேன். போனகிழமை எனக்குப் பிடிக்காத இனத்தாள். இந்தக்கிழமை எனக்குப் பிடிக்காத ஆள். சட்டை ஒன்றுதான், போட்டுவிட்ட உடம்புதான் வேறு.

அன்று அறைக்கு வந்து யோசித்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது எவ்வளவு? படிவம் தலைவரின் கையில் கொடுக்கப்பட்டது என்று ஆசிரியை சொல்கிறார். பொலிஸுக்குப் போய்ச் சேரவில்லை என்று புத்தகம் சொல்கிறது. இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மிச்சமெல்லாம் நான் நடந்திருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டது. தெரியாததைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. அந்தப் பெண்ணின் விஷயத்தில் எங்களில் ஒருவரும் செய்யாத வழி. போய்க் கேட்டேன்.

தலைவர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். படிவம் எங்கே என்று கேட்டேன். மேசை லாச்சியை இழுத்து, ஒரு கலியாண அழைப்பிதழ் உறைக்குள்ளிருந்து அந்தப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“மகளின்ரை பிள்ளைக்குப் பிறந்தநாள் எண்டு ஹெந்தளைக்குப் போனனான் சேர். போற வழியில குடுப்பம் எண்டு எடுத்து வைச்சனான். கலியாணக் காட்டோட சேர்ந்து போச்சு. மறந்துபோனன். ஆணையா மறந்துபோனன்.”

அவர் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. வேண்டுமென்று செய்தவர் அதைக் கிழித்து எறிந்திருப்பார். லாச்சியில் வைத்திருக்க மாட்டார். நான் ஒரு துரோகியைப் பிடிக்க வந்தவன். அகப்பட்டது மறதிக்காரனும் பெருமைக்காரனுமான ஒரு கிழவர். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது என்பதுதான் வெட்கம்.

இன்னும் ஒன்று கேட்கவேண்டியிருந்தது. “எப்ப நினைவு வந்தது?”

அவர் லாச்சியைத் தள்ளி மூடினார். “அண்டைக்குக் கூட்டம் முடிஞ்சு ஆக்கள் போனாப்பிறகு.”

கூட்டம் செவ்வாய்க்கிழமை. அந்தப் பெண்ணைக் கேற்றடியில் நிறுத்தியது வெள்ளிக்கிழமை. ‘அது உமக்குத் தெரியும்’ என்று அவர் சொன்னபோது, தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். மறந்ததை நான் மன்னிக்கலாம். இதை மன்னிக்க எனக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. இந்த அருவருப்புக்கு என்னிடம் சான்று இருந்தது.

“ஆக்களுக்குச் சொல்லப்போறியளோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“எனக்குப் பிறஷர் இருக்கு சேர்.”

“அவவுக்கு என்ன இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்றேன். எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எல்லோரையும் கூட்டினேன். அதே ஒன்பது பேர். புத்தகத்தில் கண்டதையும் சார்ஜன்ட் சொன்னதையும் சொன்னேன். படிவத்தைக் கையில் எடுத்துக் காட்டினேன். போன கூட்டத்தில் நான் சொன்னது பிழை, மூன்றில் ஒன்றுகூடச் சான்றில்லை என்றும் சொன்னேன். தலைவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வங்கி அதிகாரி சொன்னார்: “மறதி ஆருக்குத்தான் இல்லை.”

“வயசுபோன மனுசன்” என்றார் அவர் மனைவி. “எங்களுக்காக எவ்வளவு அலையிறார்.”

“பிறஷர் வேற” என்றார் இன்னொருவர். யாரோ போய் அவருக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டு வந்தார்கள். ஆசிரியை, தமக்கையின் மகன் இன்னும் உள்ளே இருக்க, “பரவாயில்லை அண்ணை, யோசிக்காதேங்கோ” என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மனிதர்கள் இவ்வளவு வேகமாக மன்னிக்கக்கூடியவர்கள் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

“அப்ப அவவைத் திரும்பக் கூப்பிடுவமோ?” என்று கேட்டேன்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “அது வேற விசயம் சேர்” என்றார் வங்கி அதிகாரி. “ஒருக்காச் சந்தேகம் வந்தாப்பிறகு எப்பிடி வீட்டுக்குள்ள விடுறது?”

“சந்தேகம் பிழை எண்டு இப்பதானே சொன்னனான்.”

“பிழையாத்தான் இருக்கட்டும். ஆனாலும் வந்ததுதானே?”

அவர் கணக்கியலில் பட்டம் பெற்றவர். அந்த வசனத்தை முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார். மற்றவர்கள் அதற்கும் “அதுதான், அதுதான்” என்றார்கள். போன கூட்டத்தில் எனக்குக் கிடைத்த அதே ஆமோதிப்பு. அது என்ன தரமான சரக்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முகவரி இல்லை. அவர் ஒருமுறை ஏதோவொரு கண்ணாடிச்சட்டக் கடைக்குப் பக்கத்து ஒழுங்கை என்று சொன்னது ஆசிரியைக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு மணித்தியாலம் விசாரித்து அலைந்து, ஒரே வரிசையாக அறைகள் கட்டிய ஓர் உள்வளவைக் கண்டுபிடித்தேன். நடுவில் பொதுக்குழாய். அவர் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

“என்ன சார், இங்கயும் வந்துட்டீங்களா?”

நான் அவரோடு அதுவரை ‘நீர்’ என்றுதான் கதைத்தவன். அன்று ‘நீங்கள்’ என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். படிவம், லாச்சி, எல்லாம். அவர் சட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் ஏன் வேலைக்கு வரேல்லை?” என்று கேட்டேன்.

தேய்ப்பது நின்றது. “இத அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே சார். அதே காலைலதான் எங்க வீட்டு ஆளையும் புடிச்சிட்டுப் போனாங்க. பேலியகொட மீன் மார்க்கட்டுக்கு லோடு இறக்கப் போக வெளியில எறங்குன மனுசன். மூணு நாளு ஸ்டேஷன் வாசல்லயே நின்னேன். உள்ள விடல. ஒங்க தலைவரு ஐயா பெரிய எடத்துல எல்லாம் பேசுறவராச்சே, ஒரு வார்த்த சொல்லச் சொல்லலாம்னுதான் வெள்ளிக்கிழம வந்தேன்.”

அவரே தொடர்ந்தார்.

“நான் சிரிச்சேன்னு சொன்னாங்களாமே. சிரிக்காம நின்னா பையக் கொட்டி ரோட்டுல பரப்புவான் சார். அப்பறம் ஒங்க வீட்டுக்கு லேட்டு. லேட்டானா ஒங்க அம்மாமாரு ஏசுவாங்க. அதுக்குத்தான் சிரிக்கிறது.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. கோபம் இல்லை. காலில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. “அத வச்சிக்கிட்டு நான் என்ன சார் பண்றது? ஸ்டேஷன்ல காட்டவா முடியும்?” கையை உதறித் துடைத்தார். “எழுதத் தெரியும்ல? சிங்களத்துல ஒரு லெட்டர் எழுதித் தாங்க. அவரு யாரு, எங்க வேல செய்றாரு, எத்தன வருஷமா இங்க இருக்கோம்னு. படிச்சவங்க எழுதுனா பாப்பாங்களாம்.”

அங்கேயே, அவருடைய அறை வாசலில் கவிழ்த்துவைத்த ஒரு வாளியில் இருந்து எழுதினேன். பேலியகொடையில் கணவன் வேலைசெய்த மீன்கடை முதலாளியிடமும் போய் ஒரு கடிதம் வாங்கினோம். அவர் சிங்களவர். ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதி ஒப்பமிட்டுத் தந்தார். மூன்று முறை அந்தப் பெண்ணோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் வழிநெடுக அவர் எனக்கு முன்னால் நாலடி தள்ளியே நடந்தார்.

ஆசிரியையின் தமக்கை மகன், சட்டத்தரணி வைத்ததால், மூன்று கிழமையில் வெளியே வந்தான். தொடர்மாடியில் பால்சோறு காய்ச்சினார்கள். தலைவர்தான் முதல் கரண்டியைப் போட்டார். அந்தப் பெண்ணின் கணவன் வெளியே வர இரண்டு மாதத்துக்குமேல் ஆனது. அது என் கடிதத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன். முதலாளியின் கடிதமாக இருக்கலாம். எல்லோரையும் விட்டபோது அவரையும் விட்டிருக்கலாம். அதற்கிடையில் அந்தப் பெண் மட்டக்குளியில் ஒரு தொழிற்சாலையில் பொதிகட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மீண்டும் வெள்ளவத்தைக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வருட முடிவில் நான் வேறு அறை பார்த்துப் போய்விட்டேன். தலைவர் சாகும்வரை தலைவராகவே இருந்தார் என்று கேள்வி.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தப் பெடியன், ஆசிரியையின் தமக்கை மகன், வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுத்தான். இப்போது அவனுக்கும் நரை விழுந்திருக்கும். குளிர், பிள்ளைகள், வேலை எல்லாம் கதைத்து முடிந்தபின் கேட்டான்:

“சேர், அந்த நேரம் என்னைக் காட்டிக்குடுத்த ஒரு மனிசி இருந்தாவெல்லோ, வேலைக்கு வாறவ. அவவுக்குப் பிறகு என்ன நடந்தது?”

படிவத்தையும் லாச்சியையும் சிவப்பு வட்டத்தையும் அவனுக்குச் சொன்னேன். அவனுடைய சித்தி இத்தனை வருடமும் இதில் ஒரு சொல்லும் அவனிடம் சொல்லவில்லை. அவன் அமைதியாகக் கேட்டான். “அப்பிடியே?” என்றான். “ஓம் ஓம்” என்றான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “எண்டாலும் சேர், ஆரோ சொல்லித்தானே இருக்கவேணும்?” என்றான்.

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.